ஊழியர்களுக்கு மருத்துவக் காப்புறுதி: எந்தக் கம்பனி உறுதியானது?

அச்சகக்காரன்

வணக்கம். யாழ்ப்பாணம் கே.கே.எஸ். வீதியில் ஒரு அச்சகம் நடத்துகிறேன். வேலையாட்கள் 24 பேர். அவர்களுக்குக் குழு மருத்துவக் காப்புறுதி எடுக்கலாம் என்று மூன்று கம்பனிகளிடம் விலை கேட்டேன். மூன்று பேரும் வந்தார்கள், மினுக்கிய புத்தகங்களை வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் "நாங்கள்தான் நாட்டில் முதலாம் இடம்" என்கிறார். மற்றவர் "எங்கள் தாய்க் கம்பனி வெளிநாட்டில், அசைக்க முடியாது" என்கிறார். மூன்றாமவரின் விலை குறைவு, ஆனால் பேச்செல்லாம் மற்ற இரண்டு கம்பனிகளின் குறைகளைப் பற்றித்தான்.

எனக்குத் தெரிய வேண்டியது: இந்தக் கம்பனிகளின் பலத்தையும் ஆபத்தையும் வெளியே நிற்கும் ஒருவர் எப்படி எடைபோடுவது? எதைப் பார்த்து நம்புவது? வீட்டில் அப்பாவுக்கு 67 வயது, சீனி வருத்தம். அவருக்கும் தனியாக ஏதாவது எடுக்கலாமா என்று ஒரு யோசனை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடமராட்சியான்

பெரியாஸ்பத்திரி (யாழ். போதனா வைத்தியசாலை) இருக்க இதெல்லாம் ஏன் தம்பி? இலவச வைத்தியம் இருக்கிற நாட்டில் காப்புறுதிக் கம்பனிக்குக் காசு கட்டுவது வீண். அந்தக் காசைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுங்கள், பிள்ளைகள் சந்தோசப்படுவார்கள்.

கணக்கு மாஸ்ரர்

வடமராட்சியான் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கேட்ட கேள்விக்கு.

முதல் விசயம், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2011ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வந்தபிறகு ஆயுள் காப்புறுதியையும் பொதுக் காப்புறுதியையும் (வாகனம், தீ போன்றவை) ஒரே கம்பனி செய்ய முடியாது. 2015இல் பெரும்பாலானோர் பிரிந்தார்கள். அரச கம்பனியான ஸ்ரீலங்கா இன்சூரன்ஸ் பிந்தி, 2024இல்தான் இரண்டாகியது. ஆகவே செலிங்கோ லைஃப் வேறு, செலிங்கோ ஜெனரல் வேறு. பெயர்ப்பலகை ஒரே மாதிரி இருக்கலாம், மூலதனம் வேறு, ஐந்தொகை (சொத்து, கடன் கணக்கு) வேறு. வந்தவர் "எங்கள் ஆயுள் நிதியில் இத்தனை பில்லியன்" என்று பெருமை பேசிவிட்டு உங்களுக்கு விற்பது பொதுக் காப்புறுதிக் கம்பனியின் ஒப்பந்தமாக இருந்தால், அந்தப் பில்லியன் உங்கள் கிளெய்முக்கு வராது. ஒப்பந்தத்தின் அடியில் எந்தக் கம்பனியின் பதிவுப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, நிலைத்து நிற்குமா என்பதற்கு ஒரு இலக்கம் இருக்கிறது. மூலதனப் போதுமை விகிதம். 2016 ஜனவரியிலிருந்து இடர் அடிப்படையிலான மூலதன முறை நடைமுறையில் உள்ளது. கம்பனி ஏற்றிருக்கும் ஆபத்துகளுக்குத் தேவையான மூலதனத்தோடு, கையிலுள்ள மூலதனத்தை ஒப்பிடுவார்கள். 120 வீதத்துக்குக் கீழே போகக் கூடாது, குறைந்தது 50 கோடி ரூபா மூலதனமும் இருக்க வேண்டும். இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுதான் கண்காணிப்பது. ஆண்டறிக்கையில் இந்த இலக்கம் இருக்கும். 130இல் தத்தளிக்கும் கம்பனிக்கும் 300ஐத் தாண்டி நிற்கும் கம்பனிக்கும் வித்தியாசம் தெரியுமல்லவா? ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் நான்கைந்து வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதே செய்தி.

ஆனால் ஒன்று. இந்த இலக்கம் கம்பனி விழாது என்று சொல்லும். அப்பாவின் பில்லை அது கட்டும் என்று சொல்லாது.

ரொறன்ரோ ராசன்

மாஸ்ரர், தாய்க் கம்பனி பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள். வெளிநாட்டுக் கம்பனி என்றால் பலம்தானே? எங்கள் ஊர்க் காப்புறுதிக் குழுமமான ஃபெயர்ஃபக்ஸ் கூட அங்கே இருக்கிறது.

கணக்கு மாஸ்ரர்

இருக்கிறது ராசன். யூனியன் அஷூரன்ஸ் தன் பொதுக் காப்புறுதிப் பிரிவில் பெரும்பங்கை 2015இல் ஃபெயர்ஃபக்ஸிடம் விற்றது. பிறகு ஏசியன் அலையன்ஸின் பொதுப் பிரிவும் அதோடு சேர்ந்து ஃபெயர்ஃபேர்ஸ்ட் ஆனது. யூனியன் அஷூரன்ஸ் ஆயுள் பக்கத்தை வைத்துக்கொண்டு ஜோன் கீல்ஸ் குழுமத்திலேயே இருக்கிறது.

வெளிநாட்டுத் தாய்க் கம்பனி இருந்தால் மூலதனம், மறுகாப்புறுதித் தொடர்பு (கம்பனி தன் ஆபத்தில் ஒரு பங்கை இன்னொரு பெரிய கம்பனியிடம் காப்புறுதி செய்வது), கணக்குக் கட்டுப்பாடு எல்லாம் கிடைக்கும். பலம்தான். ஆனால் அவர்களுக்கு இலங்கை ஒரு சின்னச் சந்தை. சரிவராது என்று தோன்றினால் விற்றுவிட்டுப் போவார்கள். ஒரு பழைய உதாரணம்: ஈகிள் என்ற கம்பனி அவிவா ஆனது, 2012 இறுதியில் ஏ.ஐ.ஏ. வாங்கியது. ஏ.ஐ.ஏ. தன் பொதுப் பிரிவை 2015இல் ஜனசக்தியிடம் கொடுத்தது. ஜனசக்தி தன் பொதுப் பிரிவை 2018இல் 1640 கோடி ரூபாவுக்கு அலியான்ஸிடம் விற்றது. ஒரே இடத்தில் இருந்து ஒவ்வொரு வருடமும் புதுப்பித்துக்கொண்டே வந்த ஒருவர் ஐந்து பெயர்களைப் பார்த்திருப்பார். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒப்பந்தம் செல்லும், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் அடுத்த வருடப் புதுப்பிப்பில் எந்த வகை வியாபாரம் வேண்டும், எது வேண்டாம் என்று முடிவெடுப்பவர் புதியவர்.

உள்நாட்டுக் குழுமங்களில் வேறு ஆபத்து. 2008 இறுதியில் செலிங்கோ குழுமத்தின் கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி விழுந்தது நினைவிருக்கும். அதே குழுமம் என்பதால் செலான் வங்கியில் மக்கள் வரிசையில் நின்று காசை எடுத்தார்கள். மத்திய வங்கி தலையிட்டு இலங்கை வங்கியிடம் நிர்வாகத்தைக் கொடுத்தது. செலிங்கோவின் காப்புறுதி மட்டும் அசையாமல் நின்றது. ஆயுள் காப்புறுதியில் 2004 முதல் முதலிடத்தில் இருப்பதும் அதுதான். காப்புறுதிதாரர்களின் பணத்தைத் தனி நிதியாக வேலி போட்டு வைக்கச் சட்டம் ஏன் வற்புறுத்துகிறது என்பது அங்கே விளங்கும். சொஃப்ட்லொஜிக் லைஃபைப் பார்க்கும்போதும் இதே கேள்விதான். மருத்துவக் காப்புறுதியை முன்னுக்கு வைத்து வேகமாக வளர்ந்த கம்பனி. தாய் நிறுவனமான சொஃப்ட்லொஜிக் ஹோல்டிங்ஸின் நட்டமும் கடனும் பத்திரிகைகளில் வந்தவை. ஆயுள் கம்பனி தன் குழுமத்துக்குள் எவ்வளவு பணம் போட்டிருக்கிறது என்பதை ஆண்டறிக்கையின் 'தொடர்புடைய தரப்புகள்' குறிப்பில் தேடிப் பாருங்கள். எந்தக் கம்பனியானாலும் நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

பழைய முகவர்

நான் இந்தத் துறையில் பல வருடம் ஓடியவன், இப்போது இல்லை. மாஸ்ரர் மேலே இருந்து பார்க்கிறார், நான் கீழே இருந்து சொல்கிறேன்.

மருத்துவக் காப்புறுதியை மட்டுமே தொழிலாகச் செய்கிற கம்பனி இங்கே இல்லை. பொதுக் காப்புறுதிக் கம்பனிக்குச் சோறு போடுவது வாகனக் காப்புறுதி. ஆயுள் கம்பனிக்குச் சோறு போடுவது ஆயுள். மருத்துவம் இரண்டு இடத்திலும் பக்கத்துக் கறிதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் புது வாகனம் மிகக் குறைவு, ஆகவே புது வாகனக் காப்புறுதியும் குறைவு. இலக்கை எதைக் கொண்டு எட்டுவது? குழு மருத்துவம் விற்க எங்களைத் துரத்தினார்கள். விலையை வெட்டி வெட்டி விற்றோம். வாகன வியாபாரம் திரும்பி வந்தபிறகு அதே கம்பனிக்கு அதே மருத்துவக் குழு இனிக்குமா என்பது வேறு கதை.

இப்போது தம்பியின் குழு. 24 பேர். ஆளுக்கு வருடம் 25,000 என்று வைத்தால் 6 இலட்சம். மார்கழி மழையில் இரண்டு பேருக்கு டெங்கு, ஒருவருக்குப் பிள்ளைப்பேறு, ஒருவருக்கு இருதய அடைப்பு. எல்லாமாக 7 இலட்சம் போய்விட்டது என்று வையுங்கள். கட்டியதை விட வாங்கியது கூட. அடுத்த வருடம் விலை எவ்வளவு ஏறும் என்று கேளுங்கள், முகவர் முகத்தைப் பாருங்கள். ஆயிரம் பேர் இருக்கிற குழுவில் ஒரு சத்திரசிகிச்சை காணாமல் போகும். 24 பேரில் ஒன்றே போதும், அந்த வருடக் கணக்கு கவிழ்ந்துவிடும். குறைந்த விலைக்காரர் முதல் வருடத்தைத்தான் விற்கிறார். அவர் ஏன் மற்றவர்களைக் குறை சொல்கிறார் என்று இப்போது விளங்குகிறதா?

அச்சகக்காரன்

விளங்குகிறது அண்ணை. அப்படியென்றால் ஆயுள் கம்பனியில் ஆளாளுக்குத் தனித்தனியாக எடுத்தால்?

பழைய முகவர்

அதற்கும் ஒரு விலை உண்டு தம்பி. ஆயுள் கம்பனியில் மருத்துவம் பெரும்பாலும் ஆயுள் ஒப்பந்தத்தோடு ஒட்டிய மேலதிக அனுகூலமாகத்தான் வரும். ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்வரை அதுவும் இருக்கும், அது நல்லது. ஆனால் தாய் ஒப்பந்தம் தவணை கட்டாமல் காலாவதியானால் ஒட்டியதும் போச்சு. உங்கள் பெடியள் வேலை மாறுவார்கள், தவணை விடுவார்கள். முதல் வருடத் தவணையில் கணிசமான பங்கு முகவர் கமிசனுக்குப் போவதால், விட்டுவிட்டால் திரும்பிக் கையில் வர எதுவும் இருக்காது. மருத்துவ அனுகூலத்துக்கு வயது எல்லையும் உண்டு. ஆள் கிழடாகி உண்மையில் தேவைப்படும்போது அது முடிந்திருக்கும்.

ஆயுள் வகையில் எடுத்தால் ஒப்பந்தம் கைக்கு வந்து 21 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். இதை எத்தனை முகவர் வாய் திறந்து சொல்கிறார்கள்?

மானிப்பாய்த் தாதி

வைத்தியசாலைப் பக்கமிருந்து பார்ப்பவர்கள் யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் தனியார் வைத்தியசாலையில் மாலை நான்கு மணிக்குப் பிறகு பார்க்கிற விசேட வைத்தியர்கள் பெரும்பாலும் காலையில் பெரியாஸ்பத்திரியில் வேலை செய்பவர்கள்தான். அதே வைத்தியர், வேறு கட்டில். நோயாளியின் நிலைமை மோசமானால் நாங்களே அம்புலன்ஸில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவோம். ஆகவே இங்கே தனியாரில் வருகிற பில் காய்ச்சல், பிரசவம், கண், ஹேர்னியா, சின்னச் சத்திரசிகிச்சை. பெரிய பில் எல்லாம் கொழும்பில்தான்.

இப்போது கம்பனிகளின் 'பலம்' என்று புத்தகத்தில் போடுகிறார்களே, காசு கட்டாமல் அட்டையைக் காட்டி அனுமதி பெறுகிற வைத்தியசாலைப் பட்டியல், அதை எடுத்து வடக்கு மாகாணத்தில் எத்தனை பெயர் என்று எண்ணிப் பாருங்கள். பட்டியல் நீளமாக இருக்கும், ஆனால் முக்கால்வாசி கொழும்பு, கண்டி, நீர்கொழும்பு. இங்கே காசைக் கட்டிவிட்டு, பற்றுச்சீட்டு, நோய்நிர்ணய அட்டை, ஆய்வுகூட அறிக்கை எல்லாம் சேர்த்து அனுப்பிக் காத்திருக்க வேண்டும். கொழும்பில் ஒரு பலமான கம்பனி, யாழ்ப்பாணத்தில் வெறும் தபால் விலாசமாக இருக்கக்கூடும்.

இன்னொன்று. ஒரு கம்பனி, பெயர் வேண்டாம், எங்கள் நோயாளி ஒருவரின் கிளெய்மை வைத்தியரின் கையெழுத்து விளங்கவில்லை என்று திருப்பி அனுப்பியது. அந்த அட்டையை வைத்தே மருந்தகத்தில் மருந்து கொடுத்திருக்கிறார்கள்!

ஓய்வுபெற்ற ரீச்சர்

தனியார் கம்பனி பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். எங்களுக்கு அக்ரஹார என்ற மருத்துவக் காப்புறுதி இருந்தது. 1997இலிருந்து அரச ஊழியர்களுக்கு. சம்பளத்தில் மாதாமாதம் சின்னத் தொகை வெட்டுவார்கள், கேட்டுக் கேள்வி இல்லை. என் கணவருக்குக் கண் சத்திரசிகிச்சை செய்தபோது ஒரு பகுதி வந்தது. முழுதும் வரவில்லை, ஆனால் வந்தது. பிந்தி வந்தது.

கணக்கு மாஸ்ரர்

ரீச்சர் சொன்னது நல்ல ஒப்பீடு. அக்ரஹாரவை நடத்துவது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம், 2006ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது. வியாபாரமாகப் பார்த்தால் அதன் பலம், எல்லோரும் சேர்ந்தே ஆக வேண்டும் என்பது. இளம் ஆசிரியரும் இருக்கிறார், ஓய்வுக்குக் கிட்டியவரும் இருக்கிறார். வருத்தக்காரர் மட்டும் தேடி வந்து சேர்கிற ஆபத்து இல்லை. முகவர் கமிசன் இல்லை, விளம்பரச் செலவும் குறைவு. தனியார் கம்பனி எதுவும் கனவு காண முடியாத அமைப்பு. பலவீனம், கொடுப்பனவு எல்லைகள் வைத்தியசாலை விலையோடு ஓடிப் பிடிப்பதில்லை, முடிவெடுப்பது தூரத்தில் உள்ள ஒரு அலுவலகம், அவசரப்பட யாருக்கும் காரணமில்லை. போட்டி இல்லாத இடத்தில் எதிர்பார்க்கக்கூடியதுதான்.

அரச காப்புறுதி என்றால் அசையாது என்று நினைப்பவர்களுக்கு ஸ்ரீலங்கா இன்சூரன்ஸின் கதையையும் சொல்ல வேண்டும். 1961இன் சட்டத்தால் தொடங்கி, பின்பு நாட்டில் தனியுரிமை பெற்று, எண்பதுகளின் இறுதியில் தனியார் வரும்வரை தனியார் போட்டி இல்லாமல் ஓடிய கம்பனி. 2003இல் தனியாருக்கு விற்றார்கள். 2009இல் உயர் நீதிமன்றம் அந்த விற்பனையையே செல்லாது என்று அரசிடம் திருப்பிக் கொடுத்தது. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு 2023இல் மறுபடி விற்பனைப் பட்டியலில் ஏறியது. அரசு பின்னால் நிற்பது பலம். அரசு மாறும்போது கம்பனியின் கொள்கையும் மாறுவது அதே பலத்தின் மறுபக்கம்.

திருச்சி வாசகன்

தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறேன். ஒரு வித்தியாசம் கவனித்தேன். இங்கே ஸ்டார் ஹெல்த் மாதிரி மருத்துவக் காப்பீடு மட்டுமே விற்கும் நிறுவனங்கள் உண்டு. ஸ்டார் 2006இல் சென்னையில் தொடங்கி 2021 டிசம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. அந்த நிறுவனத்துக்கு வேறு தொழில் இல்லை, அதனால் மருத்துவமனைகளோடு பேரம் பேசுவது, கிளெய்ம் பார்க்க மருத்துவர்களை வேலைக்கு வைப்பது எல்லாவற்றிலும் ஆழமாக இறங்குவார்கள். ஆனால் கொரோனா வந்தபோது அடியும் நேராக அவர்களுக்குத்தான். 2021-22இல் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் நட்டம். வாகனமும் தீயும் விற்கும் நிறுவனமாக இருந்திருந்தால், ஊரடங்கில் வண்டி ஓடாமல் விபத்து குறைந்த லாபத்தில் கொஞ்சம் ஈடுகட்டியிருப்பார்கள்.

இன்னொரு விஷயம், இங்கே 2011 முதல் ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறினாலும் காத்திருந்த காலத்தை (ஏற்கனவே உள்ள நோய்க்குப் பணம் தராத தொடக்க காலம்) கூடவே எடுத்துப் போகலாம். மூத்தவர்களின் பிரீமியத்தை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் முதலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடம் கேட்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவும் வந்தது. அங்கே எப்படி?

கணக்கு மாஸ்ரர்

நல்ல கேள்வி. இங்கே ஒப்பந்தங்களைப் பார்த்தால் கம்பனி மாறியவுடன் காத்திருப்புக் காலம் புதிதாகத் தொடங்குவதே வழமை. ஏற்கனவே உள்ள வருத்தம் புதிய கம்பனிக்குப் 'பழைய வருத்தம்'. ஆகவே சீனி வருத்தம் உள்ள ஒருவர் ஒருமுறை நுழைந்த கம்பனியை விட்டு வெளியே வருவது கஷ்டம். கம்பனிக்கு அது பலம், வாடிக்கையாளருக்கு அது ஆபத்து. 'எங்களிடம் வந்தவர்கள் வெளியே போவதில்லை' என்று கம்பனி பெருமைப்பட்டால், அன்பால் நிற்கிறார்களா வழியில்லாமல் நிற்கிறார்களா என்று கேட்க வேண்டும்.

உங்கள் ஸ்டார் கதையும் இங்கே பொருந்துகிறது. பக்கத்துக் கறியாக இருப்பதால் எங்கள் கம்பனிகள் ஒரு கொள்ளை நோயால் விழமாட்டா. ஆனால் அதே காரணத்தால் மருத்துவத்தை ஆழமாகப் படிக்க யாரும் மினக்கெடுவதும் இல்லை.

ரொறன்ரோ ராசன்

வைத்தியசாலையையும் காப்புறுதியையும் ஒரே ஆள் வைத்திருப்பது பற்றி? அமெரிக்காவில் காப்புறுதிக் கம்பனியான யுனைட்டெட்ஹெல்த் தன் ஒப்டம் பிரிவின் கீழ் வைத்தியர்களையும் கிளினிக்குகளையும் வாங்கிக் குவித்தது, இப்போது எல்லோரும் அதைத் திட்டுகிறார்கள்.

கணக்கு மாஸ்ரர்

இங்கேயும் உண்டு. லங்கா ஹொஸ்பிட்டல்ஸின் பெரும்பங்கு ஸ்ரீலங்கா இன்சூரன்ஸ் வழியாக வந்தது. ஆசிரி வைத்தியசாலைகள் சொஃப்ட்லொஜிக் குழுமத்தில். நன்மை என்னவென்றால் அனுமதி விரைவு, பில் விலையில் சலுகை, சிகிச்சைச் செலவு பற்றிய தகவல் கையிலேயே இருக்கும். ஆபத்து, ஒரு பக்கத்து லாபம் மற்றப் பக்கத்துச் செலவு. பில் ஏறினால் வைத்தியசாலைக்கு நல்லது, காப்புறுதிக்கு நட்டம். எந்தப் பக்கம் நோகக்கூடாது என்று தலைமை அலுவலகம் நினைக்கிறதோ அந்தப் பக்கம் சாயும்.

ஆனால் தாதித் தங்கை சொன்னதைத் திரும்ப வாசியுங்கள். இந்த வைத்தியசாலைகள் எதுவும் யாழ்ப்பாணத்தில் இல்லை. அச்சகத்துப் பெடியனுக்கு அந்தப் பலம் ஏ9 வீதிக்கும் அப்பால் இருக்கிறது.

வடமராட்சியான்

அதைத்தானே நான் முதலே சொன்னேன். பெரியாஸ்பத்திரி போதும்.

கணக்கு மாஸ்ரர்

அண்ணை, உங்கள் பாதி உண்மைக்கு இப்போது வருகிறேன். பெரியாஸ்பத்திரி இருப்பதால்தான் யாழ்ப்பாணக் குழுவின் ஆபத்து கொழும்புக் குழுவை விடக் குறைவு. பெரிய வருத்தம் எல்லாம் இலவசமாக அங்கே போகிறது. அதை விலை பேசும்போது பயன்படுத்த வேண்டும், வீணாக விடக்கூடாது. அரச வைத்தியசாலையில் படுத்தால் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று காசாகத் தரும் அனுகூலம் பல ஒப்பந்தங்களில் உண்டு. கம்பனிக்கு அது மலிவு, பில் வாதாட்டமும் இல்லை, வார்ட்டில் இருந்த நாட்களுக்கு அட்டை போதும். தினக்கூலி இழக்கிற தொழிலாளிக்கு அந்தக் காசுதான் உண்மையான உதவி. வீட்டுக்காரர் கூட நிற்க வேண்டும், சாப்பாடு, ஓட்டோ, வெளியே எடுக்கச் சொல்கிற ஸ்கான், மருந்து. இலவச வைத்தியத்தின் செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஆகவே அச்சகக்காரன் செய்யக்கூடியது: அறை வாடகை, கொழும்பு வைத்தியசாலை என்று மினுக்கிய பகுதிகளைக் குறைத்து, நாளாந்தக் காசைக் கூட்டச் சொல்லுங்கள். மூன்று கம்பனியும் அப்போது என்ன விலை தருகின்றன என்று பாருங்கள். வடக்குச் சந்தை தெரிந்த கம்பனி எது என்பது அந்தப் பதிலில் வெளிவரும். கொழும்புப் புத்தகத்தையே திருப்பித் தருகிறவருக்கு உங்கள் ஆட்களைப் பற்றி எதுவும் தெரியாது.

சுன்னாகம் சுரேன்

2022ஐ யாரும் பேசவில்லையே. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. செப்ரெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. அரசாங்கமே கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தபோது இந்தக் கம்பனிகள் எப்படித் தப்பின?

கணக்கு மாஸ்ரர்

ஆயுள் நிதியில் குறைந்தது 30 வீதம், பொதுக் காப்புறுதியின் தொழில்நுட்ப ஒதுக்கத்தில் (கிளெய்ம்களுக்காக ஒதுக்கி வைக்கும் பணம்) 20 வீதம் அரச பிணையங்களில், அதாவது அரசுக்குக் கொடுக்கும் கடனில், இருக்க வேண்டும் என்பது விதி. உண்மையில் அதைவிட நிறையவே போட்டிருக்கிறார்கள், வேறு போக்கிடம் குறைவு. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் முக்கியமாக ஊழியர் சேமலாப நிதி போன்றவற்றின் பிணைமுறிகளைத் தொட்டார்கள், காப்புறுதிக் கம்பனிகளின் பிணைமுறிகளைத் தொடவில்லை. அது தப்பியது. அதோடு வட்டி ஏறியபோது புதிதாகப் போட்ட பணத்துக்கு நல்ல வருமானமும் வந்தது. எல்லாக் கம்பனிகளும் ஒரே கடன்காரனின் சீட்டை வைத்திருக்கிறார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அந்த ஆபத்தில் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை, ஆகவே கம்பனியைத் தெரிய அது உதவாது.

மறுகாப்புறுதியும் அப்படியே. சுவிஸ் ரீ, முனிச் ரீ போன்றவர்களுக்கு டொலரில் கட்ட வேண்டும், எங்களிடம் வாங்குவது ரூபாவில்.

ஆனால் அந்த வருடத்தில் உண்மையில் நட்டப்பட்டது காப்புறுதி எடுத்தவர். ஒப்பந்தத்தில் 2 இலட்சம் எல்லை என்று 2018இல் எழுதியிருந்தால் 2022இலும் அதே 2 இலட்சம். மருந்து விலை, ஆய்வுகூடக் கட்டணம், அறை வாடகை எல்லாம் ஏறின. எல்லை ஏறவில்லை. கம்பனியின் கணக்கில் பணவீக்கம் ஒரு ஆபத்தாகவே தெரியவில்லை, ஏனென்றால் அந்த ஆபத்தைத் தூக்கி உங்கள் தலையில் வைத்துவிட்டார்கள். கிளெய்ம் விகிதம் (வாங்கிய தவணையில் கிளெய்முக்குப் போன பங்கு) அழகாக இருக்கும் கம்பனியைப் பார்த்தால் இதையும் யோசியுங்கள். திறமையா, பழைய எல்லைகளா?

அச்சகக்காரன்

எல்லோருக்கும் நன்றி. நிறைய விளங்கியது. மாஸ்ரர் சொன்னபடி மூன்று பேருக்கும் ஒரே கடிதம் அனுப்பப் போகிறேன். பதிவுப் பெயர், கடைசி ஐந்து வருட மூலதனப் போதுமை விகிதம், குழு மருத்துவத்தின் கிளெய்ம் விகிதம், வடக்கில் அட்டை செல்லும் இடங்கள், கிளெய்ம் வரவில்லை என்றால் யாழ்ப்பாணக் கிளையில் முடிவெடுக்கக்கூடியவர் யார். கூடவே, முதல் வருடம் கிளெய்ம் கூடினால் இரண்டாம் வருட விலையேற்றத்துக்கு உச்ச எல்லை ஒன்றை எழுத்தில் தருவார்களா என்றும் கேட்கிறேன்.

அப்பாவின் விசயத்தை யாரும் தொடவில்லை.

பழைய முகவர்

தம்பி, 67 வயது, சீனி வருத்தம். உண்மையைச் சொல்கிறேன். பல கம்பனிகள் அந்த வயதில் புதிதாக எடுக்க மாட்டா. எடுத்தாலும் சீனியையும் அதோடு வருகிற சிறுநீரகம், கண், கால் எல்லாவற்றையும் விலக்கிவிட்டுத்தான் எடுக்கும். மிஞ்சுவதற்குத் தவணை கட்டுவதை விட, அந்தப் பணத்தை மாதாமாதம் ஒரு தனிக் கணக்கில் போடுங்கள். படிவத்தில் சீனி இல்லை என்று எழுதச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால் அவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். கிளெய்ம் வரும்போது கம்பனி பெரியாஸ்பத்திரிக் கிளினிக் கொப்பியைக் கேட்கும், அங்கே எல்லாம் எழுதியிருக்கும்.

ரொறன்ரோ ராசன்

நான் அம்மாவுக்கு அதைத்தான் செய்தேன். மாதம் ஒரு தொகை, ஊரில் தங்கச்சி பெயரில். எந்தக் கம்பனியிலும் எடுக்கவில்லை.

மானிப்பாய்த் தாதி

அச்சகக்காரன் அண்ணா, உங்கள் கடிதத்தில் இன்னும் ஒன்றைச் சேருங்கள். கிளெய்ம் படிவம் தமிழில் இருக்கிறதா, நிராகரிப்புக் கடிதம் தமிழில் வருமா என்று. ஆங்கிலத்தில் ஒரு வரி வருகிறது, தொழிலாளர்கள் அதை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்து நிற்கிறார்கள். நிராகரித்தால் முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறையிட வேண்டும், அதற்குப் பிறகுதான் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் (முறைப்பாடுகளை விசாரிக்கும் நடுநிலையாளர்) போகலாம், அது இலவசம். இந்த ஒழுங்கு தெரியாமல் பாதிப் பேர் அந்த ஒரு கடிதத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

அச்சகக்காரன்

சேர்த்துவிட்டேன் தங்கச்சி. கடிதம் திங்கட்கிழமை போகிறது.

பழைய முகவர்

குறைந்த விலைக்காரர் முதலில் தொலைபேசியில் பதில் சொல்லப் பார்ப்பார். எழுத்தில் தரச் சொல்லுங்கள். பதில்கள் வந்தால் கம்பனிப் பெயரை மறைத்து இங்கே போடுங்கள், மாஸ்ரர் இலக்கங்களைப் பார்க்கட்டும்.